இடப்பக்கம் இழுத்த சைக்கிள்

பதினொரு வருசம் சைக்கிள் திருத்தினேன். அதில் பாதிக்கு மேல் முன்சில்லு நேர் பார்க்கிற வேலை. ஆனால் எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் இந்த நினைவு மலரை வாசித்து முடித்த யாராவது, ஏமாற்றிவிட்டான் என்று இதை வெளியிடுகிற சனசமூக நிலையத்துக்கு முறைப்பாடு எழுதக்கூடும்.

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிமாரில் ஒருவர் கொண்டுவந்த சைக்கிளைப் பார்த்ததும் எனக்குக் கண் அதில்தான் போனது. முன்கவட்டைக்குள் சுருள்வில் வைத்திருக்கிறார்கள். குழி வந்தால் அதுவே குனிந்து அதுவே நிமிருமாம். "ஐயா, உங்கட காலத்தில இது இருந்ததோ?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, எங்கட காலத்தில் குனிந்து நிமிர்ந்தது நாங்கள்தான்" என்றேன். அவர் அதைத் தத்துவம் என்று நினைத்துத் தலையாட்டினார். நான் சொன்னது இடுப்பு வலியைப் பற்றி.

நான் மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே சைக்கிளுக்கு வேலை இல்லை. ஏறும்போது அது உங்கள் தோளில் ஏறும். இறங்கும்போது உங்களைக் கேட்காமலே இறங்கும். எழுபத்தேழுக் கலவரத்தில் எங்களை மலையை விட்டே இறக்கிவிட்டார்கள். இறக்கின விதம் மரியாதையானது இல்லை. அதை எழுதத் தொடங்கினால் மலர் தடித்துவிடும். விசுவமடுப் பக்கம் காட்டோரமாக ஒரு துண்டுக் காணி கிடைத்தது. கச்சான் கடலை போட்டேன். பன்றிகளுக்கு என் விவசாயம் நன்றாகப் பிடித்திருந்தது. இரண்டாம் போகமும் அவைகளுக்காகவே பயிரிட மனம் வரவில்லை. புதுக்குடியிருப்பில் ஒரு சைக்கிள் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன்.

கடையின் முதலாளி பிலோமினா அக்கா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த வேதக்கார மனுசி. புருசன் சைக்கிள் திருத்துகிறவர்; அவர் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட, கடை அவாவின் கைக்கு வந்திருந்தது. வாசலில் ஒரு சாய்மனைக் கதிரை, கையில் செபமாலை. திருத்துகிற ஆயுதங்களைத் தொடமாட்டா. எண்ணெய் பட்டால் செபமாலை வழுக்குமாம்.

"மெசின் வேலை தெரியுமோ?" என்று கேட்டா.

"டீ ஃபெக்டரியில மெசினோட இருந்தவன்ங்க அம்மா."

இருந்தது உண்மை. மெசின் நடுவில் இருந்தது, நான் அதைச் சுற்றி விளக்குமாறோடு இருந்தேன்.

"நான் உனக்கு அம்மாவோ? உன்ர நரைக்கு நான் பேத்தியாக்கும். அக்கா எண்டு சொல்லு. உந்தச் சைக்கிளை ஒருக்கா ஓடிக் காட்டு."

நான் சைக்கிளைப் பார்த்தேன். சைக்கிள் என்னைப் பார்த்தது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தா. அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஓடத் தெரியாதோ?"

"தெரியாதுங்க அக்கா."

"நல்லது. வேலைக்கு வாறவங்கள் எல்லாம் ஓடிப் பாக்கிறம் எண்டு சொல்லிக் கடைச் சைக்கிளில சந்திக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறாங்கள். நீ எங்கையும் போகமாட்டாய்."

இப்படியாக என் தகுதி ஒன்றுமில்லாத இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த நாளிலிருந்து சைக்கிள் கடை வேலைக்கு நான் பஸ்ஸில் வந்து போனேன். பஸ் கொண்டக்டருக்கு அது தீராத வேடிக்கை.

பழகின காலத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. விரல் நசுங்கியது, அக்கா ஏசினா, விரல் ஆறியது, திரும்ப ஏசினா. செபத்தை நடுவில் நிறுத்தி ஏசுவா, ஏசி முடித்து விட்ட மணியிலேயே பிடிப்பா. ஒரு நாளும் மணி மாறவில்லை. பிழை என்று வாய் திறந்து சொல்லமாட்டா. "இன்னொருக்காப் பார்" என்பா. அந்த ஒரு சொல்லை அவா எத்தனை விதமாகச் சொல்லுவா என்று நான் ஒரு அகராதியே போடலாம். மெதுவாகச் சொன்னால் ஒரு நட் தளர்வு. இழுத்துச் சொன்னால் வேலை முழுக்கப் பிழை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம்.

எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் பழைய சீமைச் சைக்கிள்கள். தகப்பன் ஓடி, மகன் ஓடி, மருமகனுக்குச் சீதனமாய்ப் போய், அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தவை. நெல் மூட்டை ஏற்றி, விறகு ஏற்றி, வரம்பில் இடித்து, மதகில் விழுந்து, முன்பக்கம் எப்படியும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். முன்சில்லைப் பிடிக்கிற கவட்டையை நாங்கள் போர்க் என்போம். வருகிற ஆள் "போர்க் வளைஞ்சு போச்சு" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் வருவார். அதை நம்பக்கூடாது.

முதலில் சில்லைப் பார்க்கவேண்டும். றிம்முக்கும் கவட்டைக் காலுக்கும் இடையில் இரண்டு பக்கமும் விரல் ஒரே அளவாகப் போகிறதா? போகவில்லை என்றால் சில்லைக் கழற்றி, இடம் வலம் மாற்றிப் போடு. நெருக்கம் சில்லோடு சேர்ந்து மற்றப் பக்கம் போனால் பிழை சில்லில். கம்பிகளை இழுத்துச் சரிக்கட்டலாம். நெருக்கம் முந்தின பக்கத்திலேயே நின்றால்தான் பிழை போர்க்கில். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஹாண்டிலை விரலால் தட்டு. எந்தப் பக்கம் தட்டினாலும் வழுக்கி விழவேண்டும். நடுவில் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே குண்டு இருக்கிற கிண்ணம் தேய்ந்திருக்கிறது. போர்க்கைக் குறை சொல்லாதே.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் போர்க் வெளியே வரும். தண்டின் நடுவிலிருந்து நூல் கட்டி இரண்டு கால் நுனிக்கும் இழுத்துப் பார்ப்போம். பிறகு அதைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஒரு கால் மற்றக் காலை முழுதாக மறைக்கவேண்டும். மறைக்காமல் எட்டிப் பார்க்கிற கால்தான் கள்ளன். கடைக்குப் பின்னால் ஒரு முதிரை மரக் குத்தி நட்டு, அதில் பள்ளம் வெட்டியிருந்தது. போர்க்கின் தோளைப் பள்ளத்தில் சாக்குச் சுற்றி இறுக்கி, காலில் இரும்புக் குழாயை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல அமத்தவேண்டும். நேர் வந்தது என்று விட்டால் அது பழைய குணத்துக்குக் கொஞ்சம் திரும்பும். அதனால் நேரைத் தாண்டி ஒரு மயிரளவு கொண்டுபோய் விடவேண்டும். அந்த மயிரளவுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நெருப்புக் காட்டக்கூடாது. ஊர்த் தலைவராய் இருந்து ஓய்வுபெற்ற விதானையார் ஒருவர் எங்கள் கடைக்கு வர மானம் பார்த்து, கொல்லப் பட்டறையில் கொடுத்துப் போர்க்கைக் காய்ச்சி நிமிர்த்தினார். ஒரு கிழமை அரசமரியாதையோடு ஓடினது. பிறகு சந்தியில் வைத்து, சனம் எழுந்து வணக்கம் சொல்லுகிற நேரம் பார்த்து, வாழைத்தண்டு மாதிரி மடங்கியது. விதானையார் பதில் வணக்கம் மண்ணில் இருந்தபடிதான் சொன்னார்.

எல்லாம் பூட்டி முடிந்தால் ஓடிப் பார்க்கவேண்டும். அங்கேதான் என் வில்லங்கம். எனக்கு ஓடத் தெரியாதபடியால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சீற்றைப் பின்னாலே பிடித்துக்கொண்டு தெருவில் ஓடி, ஒரு தள்ளுத் தள்ளி விட்டுவிடுவேன். ஆள் இல்லாமல் சைக்கிள் தனியே போகும். நான் குந்தியிருந்து பின்னாலே பார்ப்பேன். நேராகப் போய்த் தானாகச் சரிந்தால் வேலை சரி. ஒரு பக்கம் வளைந்தால் இன்னொருக்காப் பார். ஒரு முறை ஒரு சைக்கிள் அவ்வளவு நேராகப் போனது, எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து பணியாரத் தட்டத்தில்தான் நின்றது. கடைக்காரர் கத்தினார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நேர் வந்திட்டுது. சைக்கிளைக் குடு" என்றா.

ஊரில் இதற்குப் பெயர் வந்தது. வேலுவின் கையில் சைக்கிள் ஆள் இல்லாமலே ஓடும் என்றார்கள். நானும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினேன். அப்படி நெஞ்சு விரிந்திருந்த காலத்தில்தான் தாசன் வந்தான்.

எண்பத்திரண்டு அளவில் என்று நினைக்கிறேன். தாசன் கரைப்பக்கத்திலிருந்து உள்ளூர்களுக்கு மீன் கொண்டுவந்து விற்கிறவன். புதிதாகக் கலியாணம் முடித்திருந்தான். பழைய சீமைச் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு முன்னால் அவன், முழங்கைத் தோல் தேய்ந்து, சேறு காய்ந்த சட்டையோடு பின்னால் அவன் மனுசி றீற்றா.

"அண்ணை, இது இடப்பக்கம் இழுக்குது. மாமன் சீதனத்தில தந்தது. ரெண்டுதரம் வாய்க்காலுக்குள்ள கிடந்து எழும்பியிட்டம். ஊர் சிரிக்குது."

"பார்த்துடலாம் தம்பி."

"வடிவாப் பாருங்கோ. இண்டைக்கு நேர் வராட்டி, சைக்கிளையும் இவவையும் கொண்டுபோய் மாமன்ர முத்தத்தில விட்டிட்டு வருவன். எனக்குக் கோணல் சாமான் வேண்டாம்."

அவன் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. றீற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. வீட்டில் இன்னும் இரண்டு தங்கைமார் கலியாணத்துக்கு நிற்கிறார்கள் என்று அக்காவிடம் மட்டும் மெல்லச் சொன்னா. அக்கா தாசனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செபமாலைக்குத் திரும்பினா.

போர்க் உண்மையாகவே வளைந்துதான் இருந்தது. இடக்கால் எட்டிப் பார்த்தது. நூல் போட்டேன், குத்தியில் இறுக்கினேன், அமத்தினேன், மயிரளவு தாண்டினேன். கிண்ணத்துக்குப் புதுக் குண்டு. சில்லை மாற்றிப் போட்டும் பார்த்தேன். பிறகு தெருவில் ஓடித் தள்ளிவிட்டேன். அம்பு மாதிரிப் போனது. என் வாழ்நாளில் அதைப்போல நேராக ஒரு சைக்கிளை நான் விட்டதில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் பயத்தில் தட்டத்தைத் தூக்கிக்கொண்டார்.

தாசன் ஏறினான், றீற்றா பின்கரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு இருந்தா. கிளம்பினார்கள். மதகடிக்குக் கூடப் போய்ச் சேரவில்லை. இடப்பக்கம் சரிந்து இரண்டு பேரும் வேலிக்குள்.

உருட்டிக்கொண்டு திரும்பி வந்தான். இப்போது அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணை, சைக்கிளில பிழை இருக்கோ?"

நான் ஒரு மடையன். வேலையின் பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பிழையா? தங்கம் தம்பி. இதைவிட நேரா ஒரு சைக்கிள் இந்த றோட்டில கிடையாது. எல்லாரும் பார்த்தாங்களே" என்றேன்.

தாசன் தேத்தண்ணிக் கடை வாசலில் நீள வாங்கில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டியள்தானே? சைக்கிள் நேர். அப்ப இவதான் கோணல்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, போர்க்கை நிமிர்த்தி றீற்றாவை அடிக்க அவன் கையில் நான் ஒரு பொல்லைக் கொடுத்திருக்கிறேன் என்று. நான் கொஞ்சம் மோசமான வேலைக்காரனாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை தப்பியிருக்கும்.

வாங்கில் இருந்தவர்கள் உடனே வேலையைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை.

"மனுசி இருக்கிற இருப்புப் பிழை" என்றார் ஒருவர்.

"கொண்டை ஒரு பக்கம் பாரமா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

"பொருத்தம் பாத்தோ கட்டினியள்? கிரகம் இடப்பக்கம் இழுத்தா ஆர்தான் என்ன செய்யிறது" என்றார் சாத்திரம் தெரிந்த மூன்றாமவர்.

"நாங்கள் வேதக்காரர்" என்றான் தாசன்.

"வேதக்காரர் எண்டாப்போல கிரகம் சும்மா விடுமோ?"

றீற்றா தேய்ந்த முழங்கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றா. அழவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

கதிரை கிரீச்சிட்டது. அக்கா செபமாலையில் விரலை அடையாளம் வைத்துக்கொண்டு சொன்னா: "வேலு, நீ கரியரில ஏறி இரு."

"நானாங்க?"

"வேற ஆர்? உன்ர நிறைதான் அந்தப் பிள்ளையின்ர நிறை. அவள் இருந்த மாதிரி இரு."

இப்படித்தான் நான் வாழ்க்கையில் முதல் முறையாகச் சைக்கிளில் ஏறினேன். சாரத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி ஒருக்களித்து, இரண்டு காலையும் ஒரு பக்கம் தொங்கவிட்டு. வாங்கில் விசில் அடித்தார்கள். தாசன் மிதித்தான். இடப்பக்கம் வேலி எங்களை வரவேற்றது.

"மற்றப் பக்கம் காலைப் போட்டு இரு" என்றா அக்கா.

வலப்பக்கம் காலைப் போட்டு இருந்தேன். பாரம் முழுக்க வலப்பக்கம். சைக்கிள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்ப இடப்பக்கமே விழுந்தது. கிளுவை முள் எங்கெங்கே ஏறியது என்பதை இந்த மலரின் மரியாதை கருதி விட்டுவிடுகிறேன்.

"தம்பி, வேலுவும் சீதனத்திலயே வந்தவன்?" என்று கேட்டா அக்கா.

வாங்கு சிரித்தது. தாசன் சிரிக்கவில்லை. "ஆக்கள் ஆரும் பின்னால இருந்தா இழுக்குது போல" என்றான்.

"இருக்கட்டும். பிள்ளை, உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

றீற்றா முதலில் புருசனைப் பார்த்தா. பிறகு சைக்கிளைப் பார்த்தா. "கலியாணத்துக்கு முதல் ஓடினனான் மாமி. அப்பான்ர மீன்பெட்டியோட, இதில."

அந்தக் காலத்தில் எங்கள் சந்தியில் பெரிய பொம்பிளை ஒருத்தி பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிளில் ஏறினதை யாரும் கண்டதில்லை. தாசன் "எடியே" என்று தொடங்கினான். அதற்குள் மதகுக் கல்லில் ஒரு காலை வைத்து அவா ஏறிவிட்டா. நீளச் சட்டையைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது; அதனால் ஹாண்டிலில் ஒரு கைதான். அந்த ஒரு கையோடு பள்ளிக்கூடச் சந்தி வரைக்கும் போய், வளைந்து, திரும்பி வந்தா. சைக்கிள் ஒரு பக்கமும் சாயவில்லை. ரயர் மணலில் போட்ட கோடு நான் போர்க்குக்குக் கட்டுகிற நூல் மாதிரி இருந்தது.

 சாத்திரக்காரர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

அக்கா கேட்டா: "தம்பி, சைக்கிள் வர முதல் மீன் எப்பிடிக் கொண்டு வந்தனீ?"

"காவினனான். தடியில ரெண்டு பக்கமும் கூடை கட்டி."

"எந்தத் தோளில?"

தாசனின் வலக்கை தானாக எழும்பி இடத்தோளைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. அப்போதுதான் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சின்ன வயதிலிருந்து காவின தோள். வலத்தோளைவிட அது நல்லாய் இறங்கியிருந்தது. கவட்டையில் எட்டிப் பார்க்கிற காலைக் கண்டுபிடிக்கிற நான், முன்னால் நின்ற மனிசனின் தோளைப் பார்க்கவில்லை. நான்தான் ஆள் இல்லாமல் சைக்கிளை ஓட்டுகிற ஆளாயிற்றே. ஆளை எதற்குப் பார்க்கிறேன்?

பிறகு அக்காவிடம் கேட்டேன், எப்போது கண்டீர்கள் என்று. "அவன் வந்து நிண்ட உடனை."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க அக்கா. எனக்கு முள்ளாவது குத்தாம இருந்திருக்கும்."

"சொன்னா ஆம்பிளையளுக்கு விளங்காது. விழுந்தாத்தான் விளங்கும். நீ எத்தினைதரம் விழுந்தனீ? ரெண்டு. அப்ப உனக்கு இரட்டிப்பா விளங்கியிருக்கும்."

அது பிறகு. அந்த நேரத்தில் தாசனின் முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது. கூடை காவினது குற்றமா? என் தொழில் புத்தியும் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டது.

"தம்பி, ஒரு வழி இருக்கு. போர்க்கை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி விட்டா, உங்க சாய்வுக்கும் அதுக்கும் சரியாப் போயிடும். நீங்க ஓடுனா நேராப் போகும்."

தாசனுக்கு மூச்சு வந்தது. "அப்பிடியே செய்யுங்கோ அண்ணை. எனக்கு ஏத்த மாதிரி வளைச்சு விடுங்கோ."

நான் நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்தேன். சைக்கிளைக் குத்தியடிக்கு உருட்டப் போனேன். அக்கா கையைத் தூக்கினா.

"பொறு. சைக்கிள் ஆற்ற? ஆருக்குச் சொந்தம்?"

தாசன் வாயைத் திறந்தான். றீற்றா முந்திக்கொண்டா. 

"அப்பா எனக்குத் தந்தது மாமி. வளைக்க வேண்டாம் அண்ணை. நேராவே இருக்கட்டும்."

"அப்ப நான் எப்பிடி ஓடுறது?" என்றான் தாசன்.

"நீங்கள் ஓட வேண்டாம். பின்னால இருங்கோ. நான் ஓடுறன்."

வாங்கில் ஒருவர் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. தாசன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அக்கா விட்ட மணியில் பிடித்துச் செபம் சொல்லத் தொடங்கியிருந்தா. அவன் கிழக்கே நடந்தான். றீற்றா சைக்கிளில் ஏறாமல், அவனுக்கு இரண்டு அடி பின்னால் உருட்டிக்கொண்டு போனா. அந்த நடை தகப்பன் வீட்டு முற்றத்துக்கா, தங்கள் வீட்டுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மிச்ச வேலை எதிலும் கை ஓடவில்லை. ஒரு பழுதில்லாத சில்லை மூன்று முறை மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்த கிழமை காலையில் தெருவில் மீன் ஹோர்ன் கேட்டது. றீற்றா மிதித்துக்கொண்டு வந்தா. முன்னால் மீன்பெட்டி. பின்கரியரில் தாசன், இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, ஒரு கையில் தராசு, மற்றக் கையில் ஹோர்ன். ஹாண்டில் பிடிக்கிற வேலை இல்லாதபடியால் முந்தியைவிடச் சத்தமாக ஊதினான். சைக்கிள் நூல் பிடித்த மாதிரிப் போனது. வாங்கில் இருந்தவர்கள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாளும் சிரித்தார்கள். பிறகு மீன் நல்லதாக இருந்தபடியால் விட்டுவிட்டார்கள். மாமன் வீட்டு முற்றத்துக் கதையைத் தாசன் பிறகு எடுக்கவில்லை.

எண்பத்தொன்பதில், சண்டைக்காலத்தில், எங்கள் கடையின் கூரை போனது. யார் கொண்டுபோனது என்று கேட்காதீர்கள். இங்கே ஆளுக்கொரு பதில் சொல்லுவார்கள். முதிரைக் குத்தியை மட்டும் ஒருவராலும் பிடுங்க முடியவில்லை. அதற்கு முதல் வருசம் வரைக்கும் அந்தச் சைக்கிள் ஒவ்வொரு காலையும் எங்கள் வாசலால் போனது. போர்க்குக்கு நான் பிறகு கை வைக்கவே இல்லை.

அந்த வருசங்களில் தாசன் கடைக்குள் இன்னும் ஒரே ஒரு தரம்தான் வந்தான். சைக்கிளை நிறுத்திவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணை, கரியர்க் கம்பி வெட்டுது. கனதூரம் இருக்க ஏலாமக் கிடக்கு. ஒரு மெத்தை போட்டுத் தருவியளோ?"

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னா: "வேலு, நல்ல தடிப்பான மெத்தையாப் போடு. ஆள் கனகாலம் இருக்கப்போறார்."

நான் பழைய ரியூப்பை மடித்து, தேங்காய்த்தும்பு அடைத்துத் தைக்க உட்கார்ந்தேன். தாசன் அக்காவை ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்குக் கிட்டக் குனிந்தான்.

"இடப்பக்கம் கொஞ்சம் உயர்த்தித் தையுங்கோ."